மொட்டைப் பேச்சு

"நீலப் பை வந்திருக்கு. எங்க வைக்கணும்னு சொன்னா தேவல" என்று சலவைக்கூடத்தின் தூணைப் பார்த்துச் சொன்னான் அவன். தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்த சூப்பர்வைசர் அவனுடைய மனைவி. போன மாதம் வரை அவனோடு அதே தேய்ப்பு உருளையில் படுக்கை விரிப்புகளைப் பிடித்துக்கொண்டிருந்தவள். ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் இடம் அது. சூப்பர்வைசர் யாராக இருந்தாலும் 'நீங்க' என்றுதான் பேச வேண்டும், பெண் என்றால் 'மேடம்' என்பது அங்கே எழுதாத சட்டம். அந்த 'மேடம்' அவன் தொண்டையைத் தாண்டி வரவில்லை. அதனால் யாரையும் விளிக்காத மொட்டை வாக்கியங்களில் இறங்கிவிட்டான். சோப்புத்தூள் தீர்ந்துபோச்சு. சாவி கிடைக்குமா. மனைவியின் கூடுதல் சம்பளம் வேண்டும், மேடம் மட்டும் வேண்டாம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அங்கே மிச்சம் பிடித்த 'நீ'யை எல்லாம் வீட்டுக்கு வந்து தாராளமாகச் செலவழித்தான். "நீ அந்தத் துண்ட எடு நீ" என்பான்.

அவளுக்கு இது சிரிப்பாகத்தான் இருந்தது, அந்தச் செவ்வாய்க்கிழமை வரை. "உங்க பேச்சு இங்க எடுபடுதான்னு பாக்குறேன், மாசக் கடைசியில நிரந்தரம் பண்றதப் பத்திச் சொல்றேன்" என்று முதலாளி ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருந்தார். அன்று உருளையிலிருந்து வந்த விரிப்புகளின் ஓரம் மஞ்சளாகக் கருகியிருந்தது. "சூட்டக் குறைங்க, துணி போகுது" என்றாள். எல்லாரிடமும் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

அவன் திரும்பினான். "உனக்கு என்னடி தெரியும்? போய் உன் வேலையப் பாரு."

உருளையின் இரைச்சலையும் மீறி எல்லார் காதிலும் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் துவைக்கும் மெஷின்காரன், அவளைவிட இளையவன், "இப்ப முடியாது, அப்புறமா வா" என்றான். மடிப்பு மேஜைப் பெண்கள் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தார்கள். கட்டினவனே மதிக்காதவளை மற்றவர்கள் எதற்கு மதிக்க வேண்டும்? அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாக அவளுக்கே பட்டது. அதுதான் அதிகம் வலித்தது.

வீட்டில் சண்டை வரும் என்று அவன் பதில்களைத் தயாராக வைத்திருந்தான். வரவில்லை. "சாப்பாடு ஆச்சு" என்றாள் சுவரைப் பார்த்து. "விளக்க அணைக்கணும்." கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சில் ஒட்டிக்கொண்டிருந்த 'ங்க' காணாமல் போயிருந்தது. 'என்னங்க' இல்லை, 'வாங்க' இல்லை. 'நீ' என்று சொல்லியிருந்தாலாவது சத்தம் போட ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். இதில் குற்றம் கண்டுபிடிக்க எதுவுமில்லை. அந்த வீட்டில் அவன் ஒருத்தன் இருக்கிறான் என்பதே அந்த வாக்கியங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தான்.

"என்னாச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல. இப்படிப் பேசறது சுலபமாத்தான் இருக்கு."

மாதக் கடைசியில் முதலாளி வந்தார். நேராக உருளைக்குப் போய் அவனிடமே கேட்டார். "புது சூப்பர்வைசர் எப்படிப்பா?"

பக்கத்தில் அவள் துணி எண்ணிக்கொண்டிருந்தாள். மெஷின்காரன் கையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான்.

"வேலையெல்லாம் ஒழுங்கா நடக்குது சார்" என்று அவன் வழக்கமான சந்துக்குள் நுழைந்தான்.

"வேலையக் கேக்கல. ஆளக் கேட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் நிமிரவில்லை. எண்ணிக்கை தவறிப்போய், அதே விரிப்பையே மறுபடி மறுபடி தொட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்க அன்னிக்கு சூட்டக் குறைக்கச் சொன்னாங்க சார். நான் கேக்கல, துணி போச்சு." விரிப்பின் ஓரத்தை இழுத்துவிட்டான். "மேடம் சொன்னதுதான் சரி."

முதலாளி தலையாட்டிவிட்டு, "அப்ப நிரந்தரந்தான்" என்று நகர்ந்தார். மெஷின்காரன் "மேடம், இந்தப் பைய எடுத்துக்கட்டுமா?" என்று அப்போதே ஆரம்பித்துவிட்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் மனம் இளகிக்கிடந்தது. அவன் சாப்பிட உட்கார்ந்ததும் ஜக்கைத் தூக்கினாள். "என்னங்க, தண்ணி ஊத்தவா?"

"ஊத்துங்க" என்றான் அவன், தட்டைப் பார்த்தபடி.

கேலியா, கோபமா, நிஜந்தானா என்று அந்தக் குனிந்த தலையைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. சாய்த்த ஜக்கு சாய்த்தபடியே நிற்க, தண்ணீர் அதன் விளிம்பு வரை வந்து நின்றது.