எட்டு ஜோடி

அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. குற்றாலத்தில் அறை எடுத்திருந்த மூன்று தோழிகளும் காலை முழுக்கச் சன்னல் வழியே மழையைப் பார்த்துச் சலித்துப்போனார்கள். அப்போதுதான் ஷெர்லின் சீட்டுக்கட்டை எடுத்தாள். குவைத்தில் நர்ஸாக இருப்பவள். அங்கே விடுதியில் போக்கர் பழகியிருந்தாள்.

"கையில ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு. மொதல்ல மூணத் தெறப்போம், பொறவு ஒண்ணொண்ணா. ஒருத்தி கட்டுனா நீ விட்டுட்டுப் போலாம். அதே அளவு வச்சா கால். கூட்டி வச்சா ரெய்ஸ். கடைசில பெரிய கைக்காரிக்கு எல்லாம்" என்றாள்.

பந்தயம் கட்ட நேந்திரங்காய் சிப்ஸ், ஆளுக்கு நாற்பது. சாப்பாடு வரும்போது யாரிடம் அதிகம் இருக்கிறதோ, நாளைக்கு எங்கே போவதென்று அவள் சொல்ல வேண்டும். ஷெர்லினுக்குப் பாபநாசம். கீழப்பாவூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் உமா மகேஸ்வரிக்குச் செங்கோட்டைக் கடைத்தெரு.

"ஒனக்கு எங்கட்டி?" என்று கேட்டாள் உமா.

"எங்கன்னாலும் சரி" என்றாள் முத்துசெல்வி. அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை.

முத்துசெல்வி தென்காசியில் தலைமைக் காவலர். சட்டையைப் பிடித்து உலுக்காமலே திருடனின் வாயிலிருந்து உண்மையை வாங்கிவிடுவாள் என்று பேர். ஆனால் சீட்டில் அவள் பாடு திண்டாட்டமாக இருந்தது. நல்ல சீட்டு வந்தால் குழப்பமில்லை. மோசமானது வந்தால் கவிழ்த்துப் போட்டு விலகிவிடலாம். இரண்டும் கெட்டானாக வந்ததைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. விட மனம் வராது, கூட்டத் துணிவு வராது. "கால்" என்று நாலு சிப்ஸை நகர்த்துவாள். அடுத்த சீட்டுக்கு இன்னும் நாலு. இப்படியே அவளுடைய குவியல் பாதியாகிவிட்டது.

"ஏட்டி, நீ கால் சொல்லிச் சொல்லியே என் பின்னால நடந்து வாரே. எதுக்கு வாரேன்னு ஒனக்கே தெரியல" என்று ஷெர்லின் சிரித்தாள்.

உமா தோற்றதைவிடத் தின்றது அதிகம். கடைசி ஆறு சிப்ஸையும் வாயில் போட்டுக்கொண்டு, சாப்பாடு என்னாயிற்று என்று வாசலைப் பார்க்கப் போனாள்.

அடுத்த ஆட்டத்தில் முத்துசெல்விக்கு இரண்டு எட்டு. நடுவே திறந்தவை ராஜா, ஏழு, மூன்று. ஷெர்லின் கையில் இன்னொரு ராஜா இருந்தால் அந்த ஜோடி எட்டு ஜோடியை அடித்துவிடும். ஷெர்லின் ஐந்து வைத்தாள்.

"ராஜா வந்திருச்சி பாரு. நீ வம்பா வராத. டீ சொல்லட்டா? மழ விடவே மாட்டேங்கி."

கை நிறைய இருந்தபோதெல்லாம் ஷெர்லின் வாயே திறக்கவில்லை என்பது முத்துசெல்விக்கு நினைவு வந்தது. கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்பவர்களை அவள் ஸ்டேஷனில் நிறையப் பார்த்திருக்கிறாள். இவளிடம் ராஜா இல்லை. ஆனால் கால் சொன்னால், அடுத்த சீட்டுக்கும் இவள்தான் கேட்பாள், தான் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று இப்போதே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கூட்டி வைத்துக் கேள்வியை இவள் பக்கம் திருப்ப வேண்டும்.

"பதினஞ்சு" என்று எண்ணி வைத்தாள்.

ஷெர்லின் பேச்சை நிறுத்தினாள். முத்துசெல்வியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் எதுவும் கிடைக்காது. தன் சீட்டை மறுபடி புரட்டிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்துப் போட்டாள்.

"எடுத்துக்கட்டி. ராஜா ஒங்கிட்டதான் இருக்கு."

முத்துசெல்வி எட்டுகளைக் காட்டினாள். ஷெர்லின் தலையில் அடித்துக்கொண்டு தன்னுடையதைத் திருப்பினாள். இரண்டு பத்து.

"அட பாவி. கால் மட்டும் சொல்லிருந்தா நீ தோத்திருப்ப."

முத்துசெல்வி அந்தப் பத்துகளையும் தன் எட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள்.

அதன்பிறகு நாலு ஆட்டத்தில் மூன்றை அவள் சீட்டைப் பார்த்த உடனே விட்டுவிட்டாள். நாலாவதில் கூட்டினாள், ஷெர்லின் பின்வாங்கினாள். சாப்பாடு வந்தபோது முத்துசெல்வியிடம் நாற்பத்து மூன்று, ஷெர்லினிடம் அதைவிடக் குறைவு.

"சொல்லு தாயி, எங்க போணும்?" என்றாள் உமா.

"கொல்லம் ரயில்ல, மலையேறி தென்மலைக்கு. இங்கனயே இருக்கேன், இருவது வருசமா ஏறுனதில்ல."

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?"

"இப்பச் சொல்லிட்டேம்லா" என்றபடி அவள் இலையை விரித்தாள்.

மறுநாள் செங்கோட்டையில் ஷெர்லின்தான் வரிசையில் நின்று மூன்று டிக்கெட் எடுத்தாள். வண்டி குகைக்குள் நுழைந்தபோது மூவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல் கத்தினார்கள்; எதிரே இருந்த பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார்.