ஊட்டுக்கு ஒரு ஆள்

ஜைனப் டீச்சருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுப்பது பாடம் நடத்தத்தான் என்று யாராவது நினைத்தால், அவர்கள் நாரத்தங்காட்டுப் பக்கம் தலை வைத்தும் படுக்காதவர்கள். ஓட்டுப் போடுகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்க டீச்சர். மலையில் மாடு எத்தனை, ஆடு எத்தனை என்று தலை எண்ண டீச்சர். கருத்தடை ஆபரேஷனுக்கு ஆள் பிடித்துக்கொண்டு வா என்று ஒரு வருஷம் விரட்டினார்களே, அப்போதும் டீச்சர்தான். கல்யாணமே ஆகாத பெண், ஒரு வாசலில் போய் நின்று அந்தப் பேச்சை எப்படி ஆரம்பிப்பாள், நீங்களே சொல்லுங்கள்! இதெல்லாம் முடிந்து, சத்துணவு முட்டை நல்லதா அழுகலா என்று தண்ணீரில் போட்டுப் பார்த்தும் முடிந்து, பொழுது மிச்சமிருந்தால் பாடமும் நடத்திக்கொள்ளலாம். அதை யாரும் தடுக்கவில்லை.

ஏற்காடு கடைவீதியில் கம்பளிக் கடை வைத்திருந்த பஷீர் அகமதின் மகள் அவள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வெள்ளக்கடையில் இறங்கி, அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் நாரத்தங்காட்டு மலைக்கிராமத்துக்கு மூச்சு வாங்க ஏறிப் போக வேண்டும்.

"ஏம்மா, அவ்வளவு தூரம் நடந்து போயி மாடு எண்ணறதுக்கு, இங்கயே உக்காந்து கம்பளி எண்ணலாமில்ல?" என்று அத்தா கேலி பண்ணுவார்.

"மாடாச்சும் திரும்பிப் பாக்குது அத்தா. உங்க கம்பளி பாக்குமா?" என்பாள் ஜைனப்.

பேச்சுக்குத்தான் அப்படிச் சொன்னாளே ஒழிய, அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் அவளுக்கு உயிர். ஒரே அறை, ஒரே டீச்சர், ஐந்து வகுப்பு. மழை வந்தால் ஓட்டிலிருந்து ஒழுகுகிற இடம் போக மிச்ச இடத்தில் ஐந்து வகுப்பும் ஒன்றாகிவிடும். அங்கே அத்தாயி என்று ஒரு சின்னப் பெண் இருந்தாள், அந்த ஊரில் காப்பித் தோட்டக் கூலிக்குப் போகிற கண்ணம்மாளின் மகள். இரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள், போன ஆடியில் திடீரென்று எழுந்து, மூலையில் கிடந்த உர மூட்டையில் அச்சடித்திருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். 'ஈரம் படாமல் வைக்கவும்' என்று. அன்றைக்கு ஜைனப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் தானாகச் சிரித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து, கண்டக்டர் இவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டான்.

அப்படிப்பட்ட பள்ளிக்கூடத்துக்குத்தான் தை மாசத்தில் ஆபத்து வந்தது. புதிதாக வந்த ஏ.இ.ஓ., பள்ளிக்கூடங்களைச் சோதனை போடுகிற கல்வி அதிகாரி, கீழே நடந்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"வர்ற வியாழக்கிழமை உங்க ஸ்கூலுக்கு வரேன்மா. பாதிக்குக் கொறைஞ்சு பிள்ளைங்க இருந்தா, செம்மநத்தம் ஸ்கூலோட சேர்த்துட வேண்டியதுதான். காலி பெஞ்சுக்கு எதுக்கு ஒரு டீச்சர்?"

செம்மநத்தத்துக்கு இந்தக் குழந்தைகள் நடந்து போகப் போகிறார்களா? காடு, பள்ளம், பாறை என்று தாண்டிப் போக வேண்டும். பள்ளிக்கூடத்தைச் சேர்க்கிறோம் என்று காகிதத்தில் எழுதுவார்கள். பிள்ளைகள் படிப்பை நிறுத்துவார்கள். அதுதான் நடக்கும். ஜைனபுக்கு அது நன்றாகத் தெரியும்.

இதில் பெரிய கஷ்டம் என்னவென்றால் தை மாசம் காப்பிப் பழம் பறிக்கிற காலம். அதுவும் அந்த வருஷம் எஸ்டேட்டில் புதுக்காடு முதல் தடவையாகக் காய்த்திருந்தது. எல்லாம் குட்டைச் செடி. பெரியவர்கள் குனிந்தால் இடுப்பு ஒடிந்துவிடும். குழந்தைகள் கை என்றால் செடிக்கடியில் சரசரவென்று போய் வரும். குழந்தைகள் பெயரை எஸ்டேட் ரைட்டர் மாதையன் எங்கேயும் எழுத மாட்டான். அவர்கள் பறித்ததெல்லாம் அம்மா பையில் போய், அம்மா பெயரில் நிறுவையாகும். ஆக, பள்ளிக்கூடத்தில் மார்கழியிலிருந்தே டீச்சரும் கரும்பலகையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜைனப் ஊர்ப் பெரியதனம் செல்லப்பன் வீட்டு வாசலில் போய் நின்றாள். கேழ்வரகு காய வைத்துக்கொண்டிருந்த கண்ணம்மாளும் இன்னும் நாலைந்து பெண்களும் கூடிவிட்டார்கள்.

"ஏனுங்க, ஒரே ஒரு நாளுங்க. வியாழக்கிழமை மட்டும் பள்ளிக்கூடம் நெறைஞ்சு இருக்கோணும். இல்லீன்னா மூடிருவாங்க. அப்பறம் இந்த மலைக்கு டீச்சரே கெடையாது."

செல்லப்பன் பதறிப்போனார். "அட சாமி! உங்களை எடுத்துருவாங்களாங்க? அதெப்படிங்க உடுவோம்? இத்தனை வருசமா மழைன்னும் பனின்னும் பாக்காம நடந்து வர்றீங்க. உங்க தலை கீழ எறங்குற மாதிரி நாங்க வெச்சிருவோமா?"

"அன்னிக்குப் பாத்துப் புதுக்காட்டுல பழம் பறிக்கப் போறாங்களாமே?"

"அதைப் பத்தி உங்களுக்கென்னங்க? நீங்க நிம்மதியா ஊட்டுக்குப் போங்க. ஊட்டுக்கு ஒரு ஆளு தப்பாம வரும். இது என்ற பொறுப்பு."

கண்ணம்மாளும் நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள்: "ஆமாங்க டீச்சர். எங்க ஊட்டுல இருந்து கட்டாயம் வரும்."

ஜைனப் சேர்வராயன் மலை இருக்கிற பக்கம் பார்த்து, அவர்களுடைய சாமிக்கும் தன்னுடைய அல்லாவுக்கும் சேர்த்தே மனசுக்குள் நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள்.

வியாழக்கிழமை காலையில் அவள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது பெஞ்சு பூராவும் ஆட்கள். ஓர் இடம் காலியில்லை. ஆனால் பெஞ்சுகள் சின்னதாகவும் உட்கார்ந்திருந்தவர்கள் பெரிதாகவும் இருந்தார்கள்.

முதல் பெஞ்சில் கண்ணம்மாள், தலைக்கு எண்ணெய் வைத்து வழித்து வாரி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு. பக்கத்தில் குழந்தைவேல், மீசை முறுக்கின ஆள், முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்து முட்ட உட்கார்ந்திருந்தான். பின்னால் செல்லப்பன், துவைத்த வேட்டி, தோளில் துண்டு. எல்லார் கையிலும் ஒரு சிலேட்டு.

"என்னங்க இது?" என்றாள் ஜைனப். "பிள்ளைங்க எங்க?"

"புதுக்காட்டுக்குப் போயிருச்சுங்க. நாங்க மாத்தாளுங்க" என்றார் செல்லப்பன், சந்தோஷமாக.

எஸ்டேட்டில் இது காலகாலமாக இருக்கிற வழக்கம். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவளுக்குப் பதிலாக அவள் வீட்டிலிருந்து இன்னொரு ஆள் போகும். அதுதான் மாத்தாள். தலை சரியாக இருந்தால் மாதையன் பெயர் போட்டுவிடுவான். எந்த முகம் என்று அவன் பார்ப்பதில்லை. எஸ்டேட்டுக்கு அது ஒத்துவரும்போது பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஒத்துவராதா? அந்த ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு சந்தேகமே எழவில்லை. பாவம், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, டீச்சர் மானத்தைக் காப்பாற்ற வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. வாய்விட்டு அழலாம் போல இருந்தது அவளுக்கு.

"ஐயோ, இது ஸ்கூலுங்க! யாருக்குச் சொல்லித்தர்றனோ அவங்கதானுங்க வரோணும்!"

"அத்தாயிக்குச் சொல்றதை எனக்குச் சொல்லுங்க டீச்சர். நான் ஊட்டுல போயி அவகிட்டச் சொல்லிப்புடறேன்" என்றாள் கண்ணம்மாள்.

அதற்குள் கீழே ஜீப் உறுமுகிற சத்தம். ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. டீச்சர்கள் பயந்துபோனால் என்ன செய்வார்கள்? சாக்பீஸை எடுப்பார்கள். ஜைனப் பலகைப் பக்கம் திரும்பி 'அ' என்று பெரிதாக எழுதி, பழக்கதோஷத்தில், "சொல்லுங்க" என்றாள்.

"அ!" என்று ஊரே கத்தியது. காட்டில் பன்றி விரட்டிப் பழகிய தொண்டைகள். ஓடெல்லாம் அதிர்ந்தது.

ஏ.இ.ஓ. வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்த்த ஜைனப் தன் வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டினாள். ஆனால் அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை. அந்த மனுஷனுக்குத் தனியாக ஒரு தலைவலி இருந்தது, அது இவளுக்குத் தெரியாது. மலையில் முதியோர் கல்வி மையம் ஒன்றைக்கூட நடத்திக் காட்டவில்லை என்று மேலே இருந்தவர்கள் அவரை மாசாமாசம் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். இலவசமாக லாந்தர் கொடுத்தார், சிலேட்டு கொடுத்தார். லாந்தரும் சிலேட்டும் போனதே தவிர ஒரு பெரிய ஆள் வந்து உட்கார்ந்ததில்லை.

"பகல்லயே... இத்தனை பேரா..." என்றார். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. "எப்படிம்மா சாதிச்சீங்க?"

"சார், இது நான் செஞ்சதில்லீங்க. இவங்க பிள்ளைங்களுக்குப் பதிலா வந்திருக்காங்க. பிள்ளைங்க காப்பிக் காட்டுல..."

"இதுதாம்மா அடக்கம்ங்கறது!" என்று ஏ.இ.ஓ. கூட வந்த கிளார்க்கிடம் திரும்பினார். "பாத்தியாய்யா? செஞ்சதையே நான் செய்யலைங்கறாங்க."

"இல்லீங்க சார், நெசமாவே..."

"பிள்ளைங்க காட்டுல இருக்கு. பெரியவங்க பள்ளிக்கூடத்துல இருக்காங்க. அப்ப இந்த ஊருக்கு எது தேவை? அதைத்தானே நாம நடத்தணும்?"

கண்ணம்மாளைப் பார்த்து, "படிப்பு பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டார்.

டீச்சரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிற ஒரே எண்ணம்தான் அவளுக்கு. "நொம்பப் புடிச்சிருக்குங்க சாமி" என்றாள். குழந்தைவேல் கேட்காமலே எழுந்து நின்று இன்னொரு தடவை "அ!" என்றான்.

அத்தோடு தீர்ந்தது. நாரத்தங்காட்டுத் தொடக்கப் பள்ளி செம்மநத்தத்தோடு சேர்க்கப்பட்டது. பிள்ளைகள் பெயரெல்லாம் நடந்து போகாமலே செம்மநத்தம் போய்ச் சேர்ந்துவிட்டன. அந்த அறைக்கு 'மாதிரி முதியோர் கல்வி மையம்' என்று புதுப் பலகை வந்தது. டீச்சருக்கு அதே சம்பளம், அதே ஒழுகல், புதுப் பதவி. கவர்ன்மென்ட் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை அன்றைக்குத்தான் ஜைனப் பார்த்தாள். ஓடு மாற்றக் கேட்டு எத்தனையோ வருஷம் காத்திருந்தவளாச்சே!

சேலத்தில் ஒரு விழா வைத்து மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தினார்கள். மலையின் இருளைப் போக்கிய மங்கை என்று யாரோ பேசினார். ஜைனப் மேடையில் உட்கார்ந்து உர மூட்டையை நினைத்துக்கொண்டிருந்தாள். அத்தா முன் வரிசையில் பெருமை பிடிபடாமல் கை தட்டினார். வீட்டுக்கு வந்து சால்வையைத் தடவிப் பார்த்து, "சாயம் போகும்" என்றார், கடைக்காரர் இல்லையா.

மாசியில் மையத்தைத் திறந்து உட்கார்ந்தாள். பெரியவர்கள் யாரும் வரவில்லை. ஏன் வருவார்கள்? அவர்கள் டீச்சர் மானத்தைக் காப்பாற்றத்தான் வந்தார்கள், காப்பாற்றியாகிவிட்டது. சால்வை போட்ட கதை வேறு ஊரெல்லாம் பரவி, எல்லாருக்கும் மனசு நிறைந்திருந்தது. "எங்களாலதானுங்களே!" என்று செல்லப்பன் வழியில் மறித்துச் சொன்னார். ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைகளும் செம்மநத்தம் போகவில்லை. புதுக்காட்டில் பழம் தீர்ந்து, அவை ஆடு ஓட்டிக்கொண்டு திரிந்தன. ஜைனபுக்கு நெஞ்சு எரிந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அதைப்போல ஒரு சனியன் கிடையாது.

அப்படி ஒரு காலையில், பூட்டைத் திறந்து அரை மணி ஆகியிருக்கும், வாசலில் அத்தாயி வந்து நின்றாள். தலைக்கு எண்ணெய் வைத்து வழித்து வாரியிருந்தது.

"உள்ள வரலாமுங்களா டீச்சர்?"

"நீ செம்மநத்தத்துக்கில்ல போகோணும், கண்ணு? இது பெரியவங்களுக்காச்சே."

"தெரியுமுங்க. அம்மாளுக்கு மாத்தாளா வந்தேனுங்க."

ஜைனபுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கினபோது பாதையில் இன்னும் தலைகள் தெரிந்தன. குழந்தைவேல் மகன், செல்லப்பன் பேரன், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு சிறுமி, எல்லாம் வரிசையாக வந்து அவரவர் பழைய இடத்தில் உட்கார்ந்தன. அம்மாவுக்கு மாத்தாள், அப்பனுக்கு மாத்தாள், தாத்தனுக்கு மாத்தாள். ஊட்டுக்கு ஒரு ஆள்.

அவள் பதிவேட்டை எடுத்தாள். வேறென்ன செய்வாள்?

"கண்ணம்மாள், வயசு முப்பத்தி ரெண்டு."

"உள்ளேனுங்க டீச்சர்" என்றாள் அத்தாயி.

"செல்லப்பன், வயசு அறுபது."

"உள்ளேன் டீச்சல்!" முன்பல் இரண்டும் விழுந்த பேரன்.

ஜைனபுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த சிரிப்பு. பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தன. இருந்தது முதியோர் பாடப் புத்தகம்தான், அதையே பிரித்தார்கள். அத்தாயி எழுந்து நின்று, ஒரு தட்டுத்தடங்கல் இல்லாமல், கணீரென்று படித்தாள்: "இனி நான் கைநாட்டு வைக்க மாட்டேன். என் பெயரை நானே எழுதுவேன்."

"சபாஷ்! உக்காரு சாமி" என்றாள் ஜைனப். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மையத்தில் கண்ணம்மாள் முதல் ஆளாகத் தேறிவிடுவாள், ஏ.இ.ஓ. இன்னொரு சால்வைக்கு எழுதிப் போடுவார், எல்லாம் நடக்கும்.

அத்தாயி உட்காரவில்லை.

"என்ன கண்ணு?"

"அம்மா பேருக்கு உள்ளேன் சொல்லிட்டனுங்க டீச்சர். என்ற பேரை எப்பங்க கூப்புடுவீங்க?"

பிள்ளைகள் எல்லாம் டீச்சர் முகத்தைப் பார்த்தன.