வெள்ளைக் காகம் எடுத்த சோறு

கால்கள் இரண்டும் அலகுக்கு வெளியே துடிக்கத் துடிக்க, முழுசாக, அப்படியே உள்ளே போகிறது, கைப்பிடி அளவுகூட இல்லாத அந்தக் குஞ்சு, எதிர் மலைச்சரிவிலிருந்து தூக்கி வந்ததாக இருக்கும், விழுங்கிய கழுத்து ஒருமுறை புடைத்துத் தணிகிறது, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி அந்தப் பெரிய பறவை தன் வெள்ளை மார்பைக் கோதிக்கொள்கிறது, ஹோட்டல் சலவை அறை ஜன்னலில் ஈரத் துவாயோடு நின்று பார்த்த வதனி சீ, பிசாசே என்கிறாள், அது நேற்றோ போன வருஷமோ, இரவே வராத கோடையில் நாட்களுக்கு எல்லை ஏது. இன்று என்ன நாள் என்பது மட்டும் அவளுக்கு நல்லாய்த் தெரியும், ஆடி அமாவாசை, தகப்பன் இல்லாத பிள்ளைகள் விரதமிருந்து காகத்துக்குச் சோறு வைக்கிற நாள், புருஷன் தவபாலன் விடியவே முழுகிவிட்டுப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டான், கப்பல் வருகுது, மத்தியானம்தான் வருவன், நீ காகத்துக்கு வை என்றான், எந்தக் காகத்துக்கு என்று கேட்டாள் அவள், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, வட துருவத்துக்குக் கிட்டக் கிடக்கும் இந்த ஸ்வால்பார்ட் தீவில் மருந்துக்கும் மரம் கிடையாது, மரமில்லாத ஊரில் காகத்துக்கு எங்கே போவது.

இங்கே வந்து இது மூன்றாவது கோடை. வேலைக்காகப் போகிறோம் என்றுதான் எல்லாருக்கும் சொன்னார்கள், உண்மை என்னவென்றால், ஓஸ்லோவில் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே யாராவது ஒருத்தி என்ன வதனி, விசேஷம் ஒண்டும் இல்லையோ என்று கேட்டுவிடுவாள், அந்தக் கேள்வி எட்டாத தூரமாகப் பார்த்துத் தேடிப் பிடித்த இடம் இது. பதினொரு வருஷக் கல்யாணத்தில் மூன்று தரம் தங்கி மூன்று தரமும் கலைந்தது, முதல் தரம் ஆறாம் கிழமையே ஊரில் சங்கானைக்குப் போன் போட்டு மாமியிடம், தவபாலனின் தாயிடம், சொன்னாள், மாமி பூரித்துப்போய்ப் பால்காரன் முதல் கோயில் ஐயர் வரைக்கும் சொல்லி முடித்தாள், பிறகு அத்தனை பேருக்கும் இல்லையாம் என்றும் சொல்ல வேண்டி வந்தது, கனடாவிலிருந்து முன்பின் தெரியாத ஒரு மனிசி கூப்பிட்டு வதனிக்கு ஆறுதல் சொன்னாள், கொடுமையே. மூன்றாம் தரம் மாமி கேட்டது ஒரே கேள்வி, அதுவும் போச்சோ, அந்த ‘உம்’ இருக்கிறதே, அதைத்தான் அவளால் இன்றுவரை விழுங்க முடியவில்லை, இனி உயிர் போனாலும் வாயால் சொல்வதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தாள். இப்போது ஆறு மாதம். தவபாலனுக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குத் தெரியும், அவ்வளவுதான், அவனிடம்கூட அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, சோதனைக் குச்சியை அவன் கண்ணில் படும்படி குளியலறையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள், அவன் மாசக் கணக்கை எடுத்தால் எழும்பி அடுத்த அறைக்குப் போய்விடுவாள், சொன்னால் இதுவும் போய்விடும் என்று ஒரு பயம், படித்தவள்தான், என்றாலும் பயம் பயம்தானே.

நோர்வேக்காரர் அந்தப் பறவைக்கு வைத்திருக்கிற பெயருக்குத் துருவக் கடற்காகம் என்று அர்த்தம் என்றான் தவபாலன், காகமாம், பருந்தைவிடப் பெரிசு, செட்டையை விரித்தால் வதனியின் உயரம் வரும், உடம்பு தூய வெள்ளை, முதுகு வெளிறின சாம்பல், மற்றக் கடற்காகங்களுக்குச் செட்டை நுனியில் இருக்கிற கறுப்பு இதற்கு இல்லை, நுனியும் வெள்ளைதான், கால் ரோஸ் நிறம், மஞ்சள் அலகின் கீழ்ப்பக்கம் குங்குமம் வைத்த மாதிரி ஒரு சிவப்புப் பொட்டு, கண்ணில் இரக்கமே கிடையாது. சலவை அறைக்கு எதிரே பாறை விளிம்பில் பாசியும் காய்ந்த புல்லும் குவித்து அதன் கூடு, பனி உருக முன்னமே சோடி வந்துவிடும், முதல் கோடையில் கறுப்புப் புள்ளி தெளித்த பழுப்பு முட்டை மூன்றையும் நரி கொண்டுபோனது, அடுத்த கோடையில் பொரித்த குஞ்சு பாறையிலிருந்து விழுந்தது, ரோசமுள்ள பறவையென்றால் வேறு இடம் பார்த்திருக்கும், இதுகள் திரும்பவும் அதே விளிம்பில் வந்து குந்தின, வெட்கங்கெட்டதுகள் என்று ஏசினாள், ஏசிக்கொண்டே தினமும் பார்த்தாள், ஆணும் பெண்ணும் மாறி மாறி நாலு கிழமை அடைகாத்தன, இரண்டு பொரித்து ஒன்று தங்கியது, அது தாயின் சிவப்புப் பொட்டில் கொத்தக் கொத்தத் தாய் விழுங்கியதைக் கக்கிக் கொடுக்கிறது, யாரோ பெற்ற குஞ்சைத் தின்று இதன் குஞ்சு வளர்கிறது, என்ன செய்ய, நியாயம் கேட்க ஆளில்லை. இப்போது அது தாயளவு, தவிட்டு நிறம், முழு வெள்ளையாக நாலு வருஷம் பிடிக்குமாம், செட்டையை அடித்து அடித்துப் பார்க்கிறது, இன்னும் பறக்கவில்லை. பறவை இங்கே பொரிக்கலாம், மனிசருக்கு அது இல்லை, இந்தத் தீவில் பிள்ளைப்பேறு பார்ப்பதில்லை, பேற்றுக்கு மூன்று கிழமை முன்பே பெருநிலத்துக்குப் போய்விட வேண்டும் என்றாள் தாதி, எங்கே தங்குவீர்கள் என்று கேட்டாள், பார்ப்போம் என்றாள் வதனி, அவ்வளவு தூரம் நினைக்கத் துணிவு வரவில்லை.

சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, வடை, பாயசம், எல்லாவற்றுக்கும் மேலாகக் காத்தோட்டிக்காய், கைப்பென்றால் அப்படியொரு கைப்பு, அது இல்லாமல் என்ன ஆடி அமாவாசை என்று மாமி போன மாதமே காயவைத்துத் தபாலில் அனுப்பியது, ஒரு கடதாசித் தட்டில் எல்லாவற்றையும் வைத்து வீட்டுக்குப் பின்னால் கல்லின்மேல் வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, கா கா என்று மெல்லக் கூப்பிட்டாள், கூப்பிட்டு வாய் மூடவில்லை, தலைக்கு மேலே வெள்ளையாக ஒரு நிழல் இறங்கியது, அதே பிசாசுதான், வடையை முதலில் எடுத்தது, பிறகு சோறு, பருப்பு, பாயசத்தை வழித்துத் துடைத்தது, காத்தோட்டிக்காயை ஒவ்வொன்றாக அலகால் தூக்கித் தட்டு ஓரத்தில் போட்டது, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்தது, அந்த நேரம் பார்த்து மாமியின் போன்.

காகம் எடுத்ததோ பிள்ளை என்றாள் மாமி. போன இரண்டு வருஷமும் தவபாலன் ஓமம்மா, எடுத்தது என்று கூசாமல் சொன்னவன், வதனிக்கு அந்தப் பொய் வரவில்லை, இஞ்சை காகம் இல்லை மாமி, வெள்ளையாய் ஒரு பெரிய பறவை வந்து எடுத்தது என்றாள். வெள்ளைக் காகம் பறக்குது எண்டு எனக்கே கதை விடுறியோ என்று மாமி சீறினாள், உண்மைதான் மாமி, எல்லாம் திண்டது, காத்தோட்டிக்காயை மட்டும் ஓரத்திலை ஒதுக்கிப்போட்டுது. ஒதுக்கினதோ என்று வந்தது மாமியின் குரல், ஓம் மாமி, ஒண்டொண்டாய். அவரும் தொடார் பிள்ளை, நாப்பது வருசம் வைச்சன், நாப்பது வருசமும் இலை ஓரத்திலைதான் ஒதுக்கினவர், வெள்ளையோ கறுப்போ, வந்தது அவர்தான். மாமாவை வதனி கண்டதில்லை, கல்யாணத்துக்கு முன்னமே போய்விட்ட மனுஷன், படத்தில் பார்த்ததோடு சரி, ஆனால் வெள்ளைக் காகத்தையே நம்பிவிட்ட மாமியிடம் இனி என்னத்தை மறைக்க, வாய் தன்பாட்டில் திறந்தது, மாமி, திரும்பத் தங்கியிருக்கு.

அந்த ‘உம்’ வரப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வரவில்லை, நான் ஒருத்தருக்கும் மூச்சுவிடன் பிள்ளை என்றாள் மாமி, அவ்வளவு சின்னக் குரலில் மாமி கதைத்து அவள் கேட்டதேயில்லை, கோயிலுக்கும் சொல்லன், உன்ரை மாமாவுக்கு மட்டும் சொல்லட்டே, இண்டைக்கு அவரின்ரை நாளல்லோ. வதனி ம் என்றாள். ஏறி நிற்கக் கதிரை இழுபடுகிற சத்தம், இஞ்சருங்கோ, உங்கடை மருமகள் லைனிலை நிக்கிறாள் என்று மாமி சுவரில் தொங்கும் படத்தோடு கதைக்கிற சத்தம், பிறகு என்ன நினைத்தாளோ, வேண்டாம், நீயே சொல்லு பிள்ளை என்றாள், போனைப் படத்தின் கண்ணாடியில் வைத்த ‘டக்’ வதனியின் காதில் விழுந்தது.

மாமா, நான் வதனி, உங்கடை மகன்ரை மனிசி என்றாள், ஆறு மாசம் மாமா, கார்த்திகையிலை பிறக்கும் என்றாள்.