மூன்றாம் மாடியில் காத்திருந்தவர்

லிஃப்ட் மெக்கானிக்கை அடக்கம் செய்த மறுநாள் காலையில், அவர் வீட்டு வாசலுக்கு வெளியே, மூன்றாம் மாடிப் படிக்கட்டில் ஆண்டவர் உட்கார்ந்திருப்பதைப் பால்காரர்தான் முதலில் பார்த்தார். கால் பட்டுவிடாமல் ஒதுங்கி ஏறி, மேல்வீட்டுக்குப் பாக்கெட்டைப் போட்டுவிட்டு, அதே மாதிரி ஒதுங்கி இறங்கினார். மெக்கானிக்கின் மனைவி ரொட்டிக்கடையில் அடுப்பு வேலை பார்ப்பவள். கணவர் வயிற்றில் கட்டியோடு கிடந்த மாதங்களில் அவள் முழங்கால் தேய ஜெபித்தாள். 'தேவரீர்' என்றும் 'கிருபை கூர்ந்தருளும்' என்றும் வார்த்தைக்கு வார்த்தை பணிந்து கேட்டாள். சபையே உபவாசம் இருந்தது. அப்படியும் கணவர் போய்விட்டார். கல்லறையிலிருந்து திரும்பியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "இனிமே உங்களுக்கும் எனக்கும் பேச்சே கிடையாது" என்று ஆண்டவரிடம் சத்தமாகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். அவர் வந்தது அதற்காகத்தான்.

முதல் வாரம் படிக்கட்டில் கூட்டம் தாங்கவில்லை. முட்டிவலிக்காரர்கள் வந்தார்கள், பரீட்சை எழுதுகிறவர்கள் வந்தார்கள். அவர் எல்லோரிடமும் பேசினார். ஆனால் இடத்தை விட்டு அசையவில்லை. கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவனுக்கு ஒரு பக்கம் கைகொடுத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்துகொள்வார். போதகர் மூச்சிரைக்க ஏறி வந்து, ஆலயத்துக்கு எழுந்தருள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். "அங்கயும்தான் இருக்கேன்," என்றார் ஆண்டவர். "இங்க ஒருத்தி என்கிட்ட பேசணும்." நாத்தனார் உள்ளே போய் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பேச வேணாம் அண்ணி, உங்களுக்காக நான் பேசுறேன்" என்றாள். "இது எனக்கும் அவருக்கும் உள்ளது. நடுவுல யாரும் வராதீங்க," என்று அண்ணி காய்கறி நறுக்கப் போய்விட்டாள்.

வருஷங்கள் ஓடின. தினமும் விடியும் முன்னே அவள் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு அவரைத் தாண்டி வேலைக்கு இறங்கினாள். மாவு படிந்த கையோடு தாண்டி ஏறினாள். மழைக்காலத்தில் படிக்கட்டு ஜன்னல் ஒழுகி அவர் தோள் நனையும். அவள் பார்ப்பாள், கதவைச் சாத்திக்கொள்வாள். மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டு வளர்ந்தாள், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். போகும்போது, "அம்மா, அவருக்குக் கால் மரத்துப்போயிருக்கும்மா" என்றாள். "எழுந்து போகச் சொல்லு" என்றாள் அம்மா. அவளும் விடவில்லை, அவரும் விடவில்லை.

மகள் போன பிறகு ஒரு மத்தியானம், வேலையிலிருந்து வந்தவள் அவரைத் தாண்டவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். "ஏன்?" என்றாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து 'தேவரீர்' வரவில்லை, 'நீங்கள்'கூட வரவில்லை. "உன்னைத்தான் கேக்கறேன். எத்தனை கெட்டவன் சுத்துறான்! என் ஆள்தான் கிடைச்சானா உனக்கு?" என்று அவள் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது. மாடி வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மெல்ல மூடினார்கள். அவர் அழுதார். "அழுதா ஆச்சா?" என்று அதற்கும் கத்தினாள். தொண்டை கட்டிய பிறகு, கட்டிலில் இன்னும் கணவர் இடத்தை விட்டுச் சுவரோரமாகவே ஒடுங்கிப் படுப்பதையும், அவர் சட்டை ஒன்றைத் துவைக்காமல் வைத்திருந்து கடைசியில் வாசனை போய்விட்டதையும் சொன்னாள். மகளிடம்கூடச் சொல்லாதவை.

"தெரியும்மா," என்றார்.

"தெரிஞ்சா அப்புறம் எதுக்கு இங்க உக்காந்திருக்கே?"

"நீ சொல்லிக் கேக்கணும்னுதான்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. நாளைக்கும் கேப்பேன். பதில் வர்ற வரைக்கும் கேப்பேன்."

"கேளு."

"சரி, உள்ள வாங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மரத்த காலை உதறிவிட்டு உள்ளே போனார். பதில் கிடைத்ததா என்று போதகர் ஒருமுறை விசாரித்தார். "இல்ல. கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். அவரும் எங்கயும் போகல," என்றாள். இப்போதும் சில மாலைகளில் அந்த வீட்டில் அவள் குரல் உயரும், பிறகு இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் வரும். புதிதாகக் குடிவந்தவர்கள் யாரிடம் சண்டை என்று கேட்டால், ஆண்டவரோடு என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுவார். அது அவர்கள் வீட்டு விஷயம் என்று டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வார்.