பார்வதம் தொட்ட ஊர்

ஐஸ் பெட்டியின் ஒயர் எட்டவில்லை. விக்ரம் முழங்காலில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக இழுத்த எக்ஸ்டென்ஷனைப் பந்தல் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். பெட்டிக்குள் அம்மா பார்வதம் மஞ்சள் பூசிய முகமும் அகலக் குங்குமமுமாகப் படுத்திருந்தாள். புருஷனை முந்திக்கொண்டு போன புண்ணியவதி என்று வந்த பெண்களெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நல்ல புண்ணியம்தான்! பக்கவாதத்தில் வாயும் வலது கையும் விழுந்து, மாசக்கணக்கில் கட்டிலோடு கிடந்த புண்ணியம்.

"டேய், பூக்காரன் வந்துகினு கீறானா இல்லியா? போன் போட்டுக் கேளு," என்றார் பெரியப்பா கங்காதரன். பாரிவாக்கத்தில் சாவு வீடு என்றால் அவர் வைத்ததுதான் சட்டம். "இன்னிக்கு செவ்வாக்கெழம. மூணு மணிக்கு ராகுகாலம். அதுக்கு முன்ன எடுத்துரணும்."

விக்ரம் போனை எடுத்தான். பூக்காரரின் நம்பரைத் தேடுமுன் திரையில் ஒரு செய்தி வந்து நின்றது. முன்பின் தெரியாத ஒரு பெண், எந்த நாடோ, ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். உங்கள் ப்ளக்-இன்னுக்கு நன்றி, ஆனால் சின்னத் திரையில் ஓர் ஊரைத் தொட்டால் வேறோர் ஊர் பதில் சொல்கிறது, கொஞ்சம் பாருங்கள் என்று.

விக்ரமுக்கு வரைபடம் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. உலகத்தில் யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்துகிற, யாரும் கைவைத்துத் திருத்துகிற மென்பொருள் ஒன்று உண்டு. அதோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் ஒரு ப்ளக்-இன்னை அவன் சொந்த ஆசையில் எழுதிக் கொடுத்திருந்தான். எந்த வரைபடத்தையும் அது ஒரு படமாக்கிவிடும். படத்தில் ஓர் ஊரைத் தொட்டால் அந்த ஊரின் சேதி எழும்பி வரும். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ரிட்டயர் ஆன அப்பா கோவிந்தராஜ் அதைக் கேட்டுச் சிரித்தார். "சும்மா குடுக்கிறியா? குடு, குடு. தானமா வந்த மாட்டயும் பல்லப் புடிச்சிப் பாப்பானுங்கடா."

இன்றைக்கா பார்க்க வேண்டும் பல்லை? போனைப் பைக்குள் போடப் போனவன், அப்படியே நின்றுவிட்டான். அம்மாவுக்குக் கொடுத்த டேப்லெட்டும் சின்னத் திரைதானே.

அம்மாவுக்குப் பேச்சு போனபோது, அதே ப்ளக்-இன்னை வைத்துத்தான் அவளுக்கு ஒரு படம் செய்தான். பட்டாபிராமிலிருந்து பூந்தமல்லி வரைக்கும், அந்தப் பக்கம் செம்பரம்பாக்கம் வரைக்கும் அவள் பஸ் ஏறி இறங்கிய ஊரெல்லாம் அதில் இருந்தன. யாரைப் பார்க்க வேண்டுமோ அந்த ஊரை இடது கையால் தொட்டால் போதும், ஆள் முகமும் பெயரும் வரும்; தெரிந்தவர் இல்லாத ஊருக்கு அங்குள்ள ஓர் இடத்தின் படம் வரும். அவனுடைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் எல்லாம் கச்சிதமாக வேலை செய்தது. பிறகு மனைவி சௌம்யா தன் டேப்பை மாமியாருக்குக் கொடுத்தாள். அதில் படம் திறக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அவன் வேலைக்குப் போய்விட்டான்.

கட்டிலுக்கடியில் கிடந்த டேப்பை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, தங்கள் பாரிவாக்கத்தைத் தொட்டான். பட்டாபிராம் என்றது. திரைக்குத் தகுந்தாற்போல் படம் சுருங்கியிருந்தது. தொட்டால் பதில் சொல்லும் எல்லைகளையும் கூடவே சுருக்க அவன் எழுதவில்லை. எதைத் தொட்டாலும் அதற்கு மேலே, இடது பக்கம் தள்ளி இருந்த ஊர் வந்தது.

செம்பரம்பாக்கத்தைத் தொட்டான்.

'குத்தம்பாக்கம், புது பஸ் ஸ்டாண்டு' என்று படத்தோடு வந்தது.

கடைசி நாட்களில் அம்மா தொட்டதெல்லாம் அந்த பஸ் ஸ்டாண்டைத்தான். காலையில் தொடுவாள், சாப்பிடும்போது தொடுவாள், தூக்கத்திலிருந்து எழுப்பினால் தொடுவாள். மூளை கலங்கிவிட்டது என்றார்கள். அப்பா பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் கார் வைத்து அவளைக் குத்தம்பாக்கத்துக்கே கூட்டிப்போனார். தெரியுதா, இதான் நீ கேட்ட பஸ் ஸ்டாண்டு என்று ஜன்னலை இறக்கிக் காட்டினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி அதையே தொட்டாள்.

செம்பரம்பாக்கத்தில் இருப்பது நாகம்மாள், அம்மாவின் ஒரே தங்கை. விக்ரம் கல்யாணத்துக்கு அக்கா தன்னை நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை, போனில் சொல்லிவிட்டாள் என்று அவள் வரவில்லை. நாத்தனார் வீட்டுக்கெல்லாம் தட்டு தூக்கிக்கொண்டு போனவளுக்கு, கூடப் பிறந்தவள் வீட்டு வாசல் தெரியவில்லையா என்று கேட்டாள். கேட்டது நியாயம்தான். பார்வதத்துக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. என் பொணத்தக்கூட அவ பாக்கக் கூடாது என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்தாள். அதனால்தான் இன்று காலை எல்லாருக்கும் சாவு சொன்னவர்கள் நாகம்மாளுக்குச் சொல்லவில்லை.

அப்பா பின்பக்கம், தண்ணீர் டிரம்மின் ஓரமாகத் தனியே உட்கார்ந்திருந்தார்.

"நைனா, சின்னம்மாவுக்குச் சொல்லணும்."

"வாணாம்." நிமிரவே இல்லை. "வாய் இருந்தப்ப சொன்னா அவ. அதான் அவ பேச்சு. பேச்சு போனவ பேச்ச நான்தான காப்பாத்தணும்."

"இதுல செம்பரம்பாக்கத்தத் தொடு." டேப்பை நீட்டினான்.

"எதுக்குடா இப்போ இந்த எழவு?"

"தொடேன் நைனா."

கோவிந்தராஜ் தன் தடித்த விரலால் தொட்டார். பஸ் ஸ்டாண்டு வந்தது. தப்பாகத் தொட்டுவிட்டோம் என்று நினைத்து மறுபடி அழுத்தித் தொட்டார். அதே பஸ் ஸ்டாண்டு. மகனை ஏறிட்டுப் பார்த்தார்.

"அம்மா பஸ் ஸ்டாண்டக் கேக்கல நைனா. நான் செஞ்சதுல தப்பு. அவங்க சரியாதான் தொட்டுகினு இருந்தாங்க." விக்ரம் படத்தில் செம்பரம்பாக்கத்தைக் காட்டினான். "தங்கச்சியத்தான் கேட்டிருக்காங்க."

டேப்பின் வெளிச்சம் தானாக அணைந்தது.

"பஸ் ஸ்டாண்டுல எவன்டி கீறான் உனக்குன்னு கேட்டேன்டா," என்றார் அப்பா. "கார்லயே வெச்சிக் கேட்டேன். அப்பதான் தலைல அடிச்சிகினா."

விக்ரம் போனை எடுத்து நம்பரைத் தேடினான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன்ல சொல்லாத. நேர்ல போ."

"மூணு மணிக்குள்ள..."

"நேர்ல போடான்றேன்."

வாசலில் பைக்கை உதைத்தபோது கங்காதரன் கத்தினார். பெத்தவ பொணத்தப் போட்டுட்டு எங்கடா ஊர் சுத்தப் போற? கொள்ளி யாருடா வெக்கிறது? உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "போவட்டும் உடுண்ணே."

பூந்தமல்லி தாண்டி நெடுஞ்சாலையில் லாரிகள் வழிவிடவில்லை. நசரத்பேட்டையில் நெரிசல். அழுகை வந்தால் வண்டி ஓட்ட முடியாது என்று அவன் வருகிற பஸ்களின் ஊர்ப் பெயர்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனான். ஏரிக்கரைத் தெருவில் நாகம்மாள் வாசலில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பக்கமே வராத அக்கா மகன், தோளில் துண்டும் கலைந்த தலையுமாக வந்து நின்றதைப் பார்த்ததுமே சல்லடை கையிலிருந்து நழுவியது.

"அம்மா போய்ட்டாங்க சின்னம்மா. வாங்க."

அவள் உள்ளே போனாள். பிரிக்காத புதுச் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு, மாவுக் கையோடு வந்து பைக்கில் ஏறினாள். பிறந்த வீட்டுக் கோடி போட அவளை விட்டால் பார்வதத்துக்கு யாரும் இல்லை. வழி முழுக்க அவன் சட்டையை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பியபோது மூன்று மணி தாண்டிவிட்டது. சொர்க்க ரதம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பறைக்காரர்கள் அடித்து ஓய்ந்து மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கங்காதரன் முகம் கடுகடுவென்றிருந்தது.

"ராகுகாலத்துல எடுக்கச் சொல்றியா? இன்னா கோவிந்தா இது?"

"முடியட்டும்ணே, அப்பால எடுக்கலாம்," என்றார் அப்பா.

பெண்கள் விலகி வழிவிட்டார்கள். நாகம்மாள் பெட்டிக்கு அருகில் போய்க் கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தாள். அழவில்லை. கோபம்தான் வந்தது அவளுக்கு. அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று யாரோ சொன்னது காதில் விழுந்திருந்தது, பேச்சு போனதை யாரும் சொல்லவில்லை.

"அவ்ளோ வீம்பாடி உனக்கு? வாயத் தொறந்து நாகுன்னு ஒரு வார்த்த கூப்ட்டிருந்தா ஓடியாந்திருக்க மாட்டனா? நீ கூப்புடுவன்னுதானடி பாத்துகினு இருந்தேன் பாவி..."

கோவிந்தராஜ் வந்து பெட்டியின் மறுபக்கம் நின்றார்.

"கூப்ட்டாம்மா," என்றார். "தெனமும் உன்னத்தான் கூப்ட்டா. எங்களுக்குத்தான் தெரியாம போச்சி."

நாகம்மாள் நிமிர்ந்தாள். "எப்புடி மாமா கூப்ட்டா?"

அவர் இடது கையைத் தூக்கி, ஒரு விரலைப் பெட்டியின் கண்ணாடிமேல் வைத்துத் தட்டிக் காட்டினார். கொஞ்சம் நிறுத்தி, அதே இடத்தில் மறுபடி தட்டினார். மறுபடியும் தட்டினார். போதும் நைனா என்று விக்ரம் தோளைத் தொட்டும் அவர் கேட்கவில்லை. நாகம்மாள் சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்த விரலையே பார்த்தபடி நின்றாள்.