காற்றுத் துளைகள்

மனிதகுலம் தோன்றிய நாளிலிருந்து நாற்றத்தை முழுமையாகப் புரிந்துகொண்டவர் ஒரே ஒருவர்தான். அவர் என் அப்பா. இதைச் சொன்னவரும் அவர்தான். ரூம் ஸ்பிரே கம்பெனியில் மேனேஜர் என்பதால் வீட்டில் யாரும் மறுக்கவில்லை.

அம்மா பால்கனியில் உரம் தயாரிக்க வைத்திருந்த நீல டிரம்மை அவர் எனக்குத் தம்பி என்பார். "ஏன்டா, உன் தம்பி சாப்பிட்டானா?" என்று தினமும் விசாரிப்பார். காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு எல்லாவற்றையும் அம்மா பொடியாக்கிப் போட்டு, மேலே காய்ந்த இலைகளைத் தூவுவாள். குப்பையைக்கூட நறுக்கிப் பரிமாறும் பெண்மணி என்று அப்பா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்த உரத்தில் விளைந்த தக்காளியை மட்டும் சிரிக்காமல் சாப்பிட்டார்.

போன வாரம் டிரம் திடீரென்று நாறத் தொடங்கியது. சாக்கடையும் அழுகிய முட்டையும் கைகோத்து வந்த மாதிரி. கீழ்வீட்டு டீச்சர் புகார் செய்தார். ஞாயிறு மாலை குடியிருப்புச் செயலாளர் வந்து பார்ப்பார், வாடை இருந்தால் டிரம் அப்போதே குப்பை லாரிக்குப் போகும் என்று முடிவானது. மாதக்கணக்கில் சேர்த்த உரம். வேர் பிடித்து நிற்கும் கத்தரி நாற்றுகளுக்கு அதுதான் சாப்பாடு. அம்மா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் எங்கள் வீட்டு மிக்ஸிகூட அடக்கமாகத்தான் ஓடும்.

ஞாயிறு மதியம் காரணத்தைத் தேடி அம்மா டிரம்மைச் சுவரிலிருந்து இழுத்தாள். பின்பக்கத்தில் காற்றுக்காகப் போட்ட துளைகள் அத்தனையின் மேலும் பழுப்பு டேப். கசியும் பாட்டில்களுக்கு அப்பாவின் ஆபீஸில் ஒட்டுகிற அதே டேப். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"வாடை ஓட்டை வழியாத்தானே வரும்," என்றார் கடைசியில். "அடைச்சா நின்னுடும்னு நெனச்சேன்."

"அதுக்கு மூச்சு முட்டிப்போச்சுங்க."

இப்போது கிளறினால் அடைபட்டிருந்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வரும். கிளறாவிட்டால் நாற்றம் நாளுக்கு நாள் ஏறும். அம்மா டேப்பைப் பிய்த்துவிட்டுக் கம்பை உள்ளே விட்டாள். நான் அட்டைப்பெட்டிகளைத் துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டேன். ஈரத்தை அட்டை குடித்துக்கொண்டிருக்கும்போதே, சொன்ன நேரத்துக்கு முன்பாக, அழைப்பு மணி அடித்தது.

செயலாளர் மூக்கில் கைக்குட்டையோடு நின்றார். அப்பாவின் நகைச்சுவைகளுக்கெல்லாம் முதல் ரசிகர் அவர்.

"என்ன சார், வாசல்லயே வரவேற்பு பலமா இருக்கு," என்றார். "உங்க மூக்கு பொய் சொல்லாது. நீங்களே சொல்லுங்க, தூக்கிரலாமா?"

அப்பா தலையை ஆட்டினால் போதும். பால்கனியில் கிளறிக்கொண்டிருந்த கம்பு நின்றது. அம்மா திரும்பவில்லை. அப்பா தொண்டையைச் செருமினார். பிறகு இன்னொரு முறை செருமினார்.

"டிரம் மேல தப்பில்ல சார். காத்துப் போற ஓட்டையை டேப் போட்டு அடைச்சது நான்."

"நீங்களா?" கைக்குட்டை இறங்கியது. "சார், இது மாடி மாடியா பரவிடும்."

"வாடையா?"

"இல்ல சார், விஷயம்."

"பரவட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து மோந்து பாருங்க. அப்பவும் நாறினா நானே கீழ இறக்கித் தரேன்."

செயலாளர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். படியிறங்கும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கீழ்த்தளம் வரை கேட்டது.

அம்மா கை கழுவப் போனாள். அப்பா சமையலறையில் ஒரு வாழைப்பழத்தை மெதுவாகத் தின்றார். தோலைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கத்தியை எடுத்துப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். டிரம்மில் போட்டு, மேலே ஒரு பிடி காய்ந்த இலையைத் தூவினார். ஓரத்தில் தோல் கொஞ்சம் தெரிந்தது. இன்னும் ஒரு பிடி எடுத்தார்.