ஃபிபாவின் கல்

வெள்ளிக்கிழமை காலை நான் ஓட்டுகிற பஸ்ஸை எடுக்கவில்லை. வெட்டுக்கத்தியும் கம்பித் தேய்ப்பானும் எடுத்துக்கொண்டு அடிமைகள் வேலை செய்த பழைய தோட்டத்துக் கல்லறைக்கு ஏறினேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வருஷம், எங்கள் வம்சத்து மூதாதை ஃபிபா செத்த வருஷம்.

வருஷம் தவிரச் சமாதிக் கல் தயாராக இருந்தது. பெரிய தீவு கிரெனடாவிலிருந்து படகில் வந்து இறங்கி, வெள்ளைத் துணி போர்த்தி, என் கட்டிலில் மூன்று நாளாகப் படுத்திருந்தது. நான் தரையில் படுத்தேன். எங்கள் தீவு காரியாகுவில் செத்தவருக்குக் கல் வைக்கிறோம் என்றால் அப்படித்தான், கட்டில் கல்லுக்கு. சனிக்கிழமை ஊர்வலம், முரசு, ஆட்டுக்கறி, சோளமாவு உருண்டை. ஃபிபாவுக்குக் கல் வைக்கிறேன் என்று சாகக்கிடந்த என் அம்மாவின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தேன். அதற்கு ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. இப்போது கொத்தனார் முரண்டு பிடிக்கிறார். “பேரு வெட்டியாச்சு, வருஷம் எங்க? வருஷம் இல்லாத கல்ல நட்டா நாளைக்கு ஊரே என் தொழிலைத்தான் கேலி பண்ணும், அயாந்தி.”

வருஷம் அவள் சமாதியிலேயே இருக்கும் என்று நினைத்தோம். கல்லறை மதிலுக்குள்ளே சமாதிகள் ஏழு. ஆறில் வெள்ளைக்காரர் பெயர் படிக்கலாம். ஏழாவதில் ஒன்றும் தெரியாது, ஒவ்வொரு நவம்பரும் கல்லறைத் திருநாளுக்கு எங்கள் குடும்பம் அடித்த சுண்ணாம்பு விரல் கனத்துக்கு ஏறிப்போய்க் கிடந்தது. அதுதான் ஃபிபாவுடையது. அடிமையாக எஜமானின் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து வளர்த்ததால் அவளுக்கு விடுதலைச் சீட்டும் கொடுத்து, தங்களோடேயே புதைத்தார்கள் என்பது எங்கள் குடும்பத்துக் கதை. பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்திருக்கிறது. உங்கள் ஆட்கள் எங்கே புதைந்தார்களோ, எங்கள் ஆள் மதிலுக்குள்ளே, சமாதிக்குள்ளே.

என்னோடு இரண்டு பேர். ஒருவர் என் தாய்மாமன் ஹோலிஸ். சமாதிக்குச் சுண்ணாம்பு அடிப்பது அவர் வேலை, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். இன்னொருவன் புரூக்ளினிலிருந்து வந்த சித்தி மகன் வெண்டெல். வெள்ளை ஷூ, கையில் போன், போனுக்குள் குடும்ப வரலாறு. எச்சிலைக் குப்பியில் பிடித்து அனுப்பி, ரத்தத்தில் எந்த நாடு எவ்வளவு என்று எழுதி வாங்கி வந்திருந்தான்.

மாமா வழக்கம்போல முதலில் செத்தவளுக்குப் படையலாகச் சமாதி மேல் கொஞ்சம் ரம் ஊற்றினார். “ஃபிபா பாட்டி, உன்னைக் கொஞ்சம் சொரண்டப் போறோம், கோவிச்சுக்காத.”

சுரண்டினோம். சுண்ணாம்பு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அரைமணி நேரத்தில் ஒரு எழுத்து. பிறகு ஒரு வரி. வெண்டெல் தண்ணீர் ஊற்றித் துடைத்து உரக்கப் படித்தான்:

“இங்கே துயில்பவர் ஆர்ச்சிபால்ட் மக்கில்வ்ரே, இத்தோட்டத்தின் உரிமையாளர். நல்ல கணவர், அன்பான எஜமான். மரணம் 1791. அவருடைய நீக்ரோக்கள் அவருக்காக அழுதார்கள்.”

திரும்பப் படிக்கச் சொன்னேன். படித்தான். அதேதான்.

சின்ன வயதில் இந்தச் சமாதிக்கு முன்னால் முட்டி போட்டு மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன். என் பிள்ளைகளை ஏற்ற வைத்திருக்கிறேன். அம்மா சாகிற வருஷம்கூடத் தட்டில் மீனும் உருண்டையும் வைத்து, அதை இங்கே கொண்டுவந்து வைக்கச் சொல்லி அழுதாள். எல்லாம் இவனுக்கு! எங்களை வாங்கி விற்றுச் சவுக்கெடுத்தவனுக்குப் படையல் போட்டிருக்கிறோம், தலைமுறை தலைமுறையாக. அவருடைய நீக்ரோக்கள் அழுதார்களாம். அதை இன்னும் நிறுத்தாமல் செய்துகொண்டிருந்தவர்கள் நாங்கள்தான், எங்களைப் போல முட்டாள்கள் இந்தத் தீவில் உண்டா?

வெண்டெல் சிரித்த முகத்தோடு கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தான். “அக்கா! கெடச்சிட்டாரு! மக்கில்வ்ரே ஸ்காட்லாந்துப் பேரு! என் ரத்தத்துல நூத்துக்குப் பதினாலு ஸ்காட்லாந்துன்னு வந்துச்சே, அது இவருதான்! நம்ம தாத்தனுக்குத் தாத்தன்!”

“கைய எடு.”

“அக்கா, கோவப்படாத. வரலாறு இது. இவரும் நம்ம முன்னோருதானே?”

“கைய எடுடா! முன்னோரா? ஃபிபாவக் கேட்டுட்டா இவன் தொட்டான்? உன் எச்சில் குப்பி அதச் சொல்லுச்சா? அந்தப் பதினாலு உனக்குச் சீதனமா வந்துச்சுன்னு நெனச்சியா? அடிச்சுப் புடுங்கினதுடா அது. படம் வேற எடுக்கறியா? எடுத்தேன்னா அந்தப் போன் கடலுக்குப் போயிடும்.”

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பாவம், அவன் கண் கலங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை.

“அப்போ அவ எங்க?” என்று கேட்டேன். மாமா சமாதியைச் சுற்றி அடுக்கியிருந்த சங்குகளையே பார்த்துக்கொண்டு நின்றார். இங்கே ஏழைகள் குழியைச் சுற்றிச் சங்கு பதிப்பது இன்றைக்கும் உண்டு. வெள்ளைக்காரன் பதிக்க மாட்டான், அவனுக்குத்தான் பளிங்கு இருக்கிறதே. மற்ற ஆறு சமாதிகளுக்கும் ஒரு சங்குகூட இல்லை. அது அந்த நிமிஷம்தான் என் மண்டையில் ஏறியது.

“மாமா, இந்தச் சங்கு ஏது?”

“அது… நான்தான் வச்சேன்.”

“எங்க இருந்து எடுத்தீங்க?”

அவர் மதிலுக்கு வெளியே கையைக் காட்டினார். அவருடைய ஆடுகள் மேய்கிற நிலம். “சின்ன வயசுல பட்டி போடக் குழி தோண்டினேன். தோண்டத் தோண்ட சங்கு. பாட்டி சமாதியில இருந்து உருண்டு போயிருக்கும்னு நெனச்சு, கொண்டாந்து அழகா அடுக்கினேன்.”

“உருண்டு போச்சா? நெஞ்சு உயர மதிலத் தாண்டியா? சங்குக்குக் கால் மொளைச்சுதா மாமா?”

“கத்தாதடீ. எனக்குப் பதினேழு வயசு.”

“இப்ப எழுபத்தி நாலு! அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு நாளாவது யோசிச்சீங்களா? எந்த எடத்துல எந்தச் சங்கு இருந்துச்சு? ஃபிபா எந்தக் குழி?”

“ஞாபகம் இல்ல.” அவர் குரல் உடைந்துவிட்டது. “அந்தப் பக்கம் பூராவும்தான் இருந்துச்சு. எங்க குத்தினாலும் இருந்துச்சு, அயாந்தி.”

அந்த நிலத்தை எட்டிப் பார்த்தேன். முள்மரம் வரைக்கும் புல்லும் ஆட்டுப் புழுக்கையும். அத்தனைக்கும் கீழே புதைந்த எங்கள் ஆட்கள். என் கிழவி அதில் எங்கேயோ கிடக்கிறாள், அவள் தலைமாட்டுச் சங்கைப் பிடுங்கி அவள் எஜமானுக்கு அலங்காரம் பண்ணியிருக்கிறான் அவள் வம்சத்துப் பேரன். மாமாவை அடித்துவிடுவேனோ என்று பயந்து கத்தியைக் கீழே போட்டேன்.

“தூக்குங்க,” என்றேன். “ஒன்னு விடாம வெளிய போகணும்.”

முப்பத்தொரு சங்கு. மாமா மூச்சு வாங்க வாங்கத் தூக்கினார். வெண்டெல் சட்டையை மடியாக்கிச் சுமந்தான். வெள்ளை ஷூ சேறாயிற்று. எங்கே வைப்பது என்று தெரியாமல் நிலத்தில் அங்கங்கே வைத்தோம். வருஷம் கிடைக்கவில்லை என்று கொத்தனாரிடம் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கல்லை அப்படியே நடலாம் என்றார்.

சனிக்கிழமை ஊரே வந்தது. நாலு பேர் கல்லைத் தூக்கி முன்னால் நடக்க, முரசு பின்னால். மேலே ஏறியதும் தூக்கினவர்கள் பழக்கத்தில் மதில் வாசலுக்குத் திரும்பினார்கள். நான் ஓடிப்போய் வாசலில் குறுக்கே நின்றேன்.

“உள்ள இல்ல! வெளிய!”

முரசு நின்றது. தினமும் என் பஸ்ஸில் மார்க்கெட்டுக்கு வருகிற யூட்ரிஸ் முன்னால் வந்தாள். “என்னடீ இது? மதிலுக்குள்ள, சமாதிக்குள்ளன்னு நீதானே பஸ்ஸுல பெருமை அடிப்ப?”

“அடிச்சேன். தெரியாம அடிச்சேன்.” நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனாலும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். “உள்ள படுத்திருக்கறது அவ இல்ல, அவள வாங்கினவன். அவனுக்குத்தான் இத்தனை வருஷமா சோறு வச்சோம். அவ இங்க வெளிய இருக்கா. எந்த எடம்னு தெரியாது. உங்க ஆளுங்களும் இங்கதான் இருப்பாங்க, அவங்க எடமும் யாருக்கும் தெரியாது.”

யூட்ரிஸ் தன் காலுக்குக் கீழே பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

நிலத்தின் நடுவில் கல்லை நட்டோம், பெயர் மட்டும், வருஷம் இல்லாமல். மாமா ரம் குப்பியைத் திறந்துகொண்டு வந்தார். கல்லடியில் ஊற்றப் போனவர் நின்றுவிட்டார். என்னை நிமிர்ந்து பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் இல்லை.

“எங்க ஊத்தறது, பொண்ணே?”

“நடந்துக்கிட்டே ஊத்துங்க.”

நடந்தார். புல்லின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டவிட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார். சனம் விலகி வழிவிட்டது. கால்வாசி நிலம் தாண்டுவதற்குள் குப்பி காலி. அவர் அதைக் கவிழ்த்து உதறினார், பிறகு வெறும் குப்பியோடு அங்கேயே நின்றார். அவருக்கு முன்னால் முள்மரம் வரைக்கும் நிலம் அப்படியே கிடந்தது.

“என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க?” என்று சனத்தைப் பார்த்துக் கத்தினேன். “போங்க! வீட்டுல இருக்கற ரம்ம எல்லாம் கொண்டு வாங்க!”